எட்டரையா, ஒன்பதரையா?

வெள்ளவத்தையில் 154ஆம் இலக்க பஸ் ஏறி, பொரளைச் சந்தியில் இறங்கி, பேஸ்லைன் வீதியோரமாகத் தெமட்டகொடைப் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்து ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினால் அந்தக் கராஜ் வரும். பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த சீமெந்துத் தரை, மூலையில் ஒரு பிளேன்டீ கேத்தல். நான் போனபோது மேசையில் பழைய பத்திரிகைத் தாள் விரித்து நான்கு பிஸ்டன்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பாஸ் மூன்றாவதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"பாருங்க சேர், இதுதான் வருத்தம்."

பிஸ்டன் தலையின் விளிம்பைச் சுற்றி, ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடியாகக் குழிகள். முதலாம் றிங்குக்கும் இரண்டாம் றிங்குக்கும் நடுவிலுள்ள மேட்டில் விரல்நகமளவு துண்டு உடைந்து காணாமற் போயிருந்தது. அந்தத் துண்டு சிலிண்டருக்குள் போட்ட கோடுகளை விரலால் தடவிப் பார்க்க முடிந்தது.

கார் என் அக்காவின் மகனுடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்து டொயோட்டா ஸ்டார்லட் ஜிடி டர்போ, 1331 சீசீ, அந்தக் காலத்திலேயே 135 குதிரைவலு. இந்த வயதுக் காருக்கு எஞ்சின் திறந்து செலவழிப்பானேன் என்று ஊரார் கேட்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில், இருப்பதைத் திருத்தி ஓடுவதைத் தவிர இங்கே வேறு வழி இருக்கவில்லை. பஞ்சிகாவத்தைக் கடைகளில் எந்த எஞ்சினுக்கு எந்தப் பாகம் ஒத்துவரும் என்பதை அவன் மனப்பாடம் செய்ததும் அப்போதுதான்.

இப்போது புதுப் பிஸ்டன் வாங்க வேண்டும். வாங்கும்போது ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். அதில்தான் தகராறு.

"மாமா, ஒன்பதரை போட்டா என்ன? இப்ப வாற டர்போ காரெல்லாம் பத்துதானே."

பாஸ் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "எந்தப் பெற்றோல் அடிப்பீங்க, தம்பி?"

நான் முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். ஓட்டோ சக்கரத்தைக் கரும்பலகையில் எத்தனை தரம் வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் பாடப்புத்தகம் பிஸ்டனை முசலம் என்று சொல்லும். முசலம் என்றால் உலக்கை. நல்ல பெயர்தான். ஆனால் இந்த உலக்கை உரலின் அடிவரை போவதில்லை. மேலே ஒரு சிறு இடத்தை விட்டுவிட்டு நிற்கிறது. பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதற்கு மேலுள்ள மொத்தக் கனவளவை, உச்சியில் நிற்கும்போது எஞ்சும் கனவளவால் பிரித்தால் வருவதே நெருக்கல் விகிதம். கராஜில் அதற்குப் பெயர் கொம்பிரஷன். எட்டரை என்றால், எட்டரைப் பங்கு வளியை ஒரு பங்கு இடத்துக்குள் திணிக்கிறோம் என்று அர்த்தம்.

இந்த ஸ்டார்லட்டின் சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 77.4 மில்லிமீற்றர். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் வழித்தெடுக்கும் கனவளவு ஏறத்தாழ 333 சீசீ. தொழிற்சாலை இதற்குக் கொடுத்த விகிதம் 8.2. கணக்குப் போட்டால் உச்சியில் மிஞ்சும் இடம் 46.2 சீசீ. அதையே 9 ஆக்க வேண்டுமென்றால் 41.6 சீசீ இருக்க வேண்டும். வித்தியாசம் 4.6 சீசீ. வீட்டுத் தேக்கரண்டி ஒன்று 5 சீசீ பிடிக்கும். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி இடத்தை வைத்துத்தான் இரண்டு ஆண்களும் ஒரு காலை முழுதும் வாதாடினார்கள். நானும் சேர்ந்தால் மூன்று.

மருமகன் ஆசைப்படுவதில் நியாயம் இல்லாமலில்லை. வளியை எவ்வளவு நெருக்கி எரிக்கிறோமோ அவ்வளவு அது விரியும்போது வேலை தரும். ஓட்டோ சக்கரக் கோட்பாட்டுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், விகிதம் 8 ஆக இருக்கையில் வெப்பத்தில் 56.5 சதவீதம் வேலையாகிறது. 9 ஆக்கினால் 58.5, 10 ஆக்கினால் 60.2. நிஜ எஞ்சின் இந்த உயரத்தை எட்டுவதே இல்லை, ஆனால் ஏறும் வீதம் கிட்டத்தட்ட இதுதான். அதாவது ஒரு முழு எண் ஏற்றினால் சுமார் மூன்று சதவீதம் ஆதாயம். மேலே போகப் போக அதுவும் சுருங்கும்.

டர்போவின் கணக்கு வேறு. வளிமண்டலத்துக்கு மேல் அரை பார் அமுக்கத்தில் ஓடும் எஞ்சினை 0.7 பாருக்கு ஏற்றினால், உள்ளே போகும் வளி 1.5 பங்கிலிருந்து 1.7 பங்காகிறது. 13 சதவீதம் கூட. வளி கூடினால் பெற்றோல் கூடும், வலுவும் கூடும். மூன்றையும் பதின்மூன்றையும் பக்கத்தில் வைத்தால், வலு வேண்டுமென்பவன் எதைப் பிடிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பிறகு ஏன் விகிதத்தை ஆறுக்கு இறக்கி டர்போவை ஆகாயத்துக்கு ஏற்றக்கூடாது?

அப்படியும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1973இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவின் விகிதம் 6.9. 1975இல் வந்த போர்ஷே 911 டர்போவுக்கு 6.5. டர்போ விழித்துக்கொண்டால் பேய், விழிக்கும்வரை மாட்டுவண்டி. டர்போவைச் சுழற்றுவது எஞ்சினின் சொந்தப் புகைதான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகை போதாது, டர்போ தூங்கும். அந்த நேரத்தில் காரை இழுப்பது நெருக்கல் விகிதம் மட்டுமே. பொரளைச் சந்தியில் மாலை ஐந்தரைக்கு நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே எந்த டர்போவும் கண்விழிக்கப் போவதில்லை. ஆறரை விகிதத்தோடு அந்த நெரிசலில் முதலாம் கியரில் ஊர்வது ஒரு தண்டனை. பெற்றோலும் கூடக் குடிக்கும்.

ஆக விகிதம் மிகத் தாழ்ந்தாலும் கஷ்டம். மிக உயர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மூன்றாம் பிஸ்டன் சாட்சி.

வளியை நெருக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடி கையைச் சுடுவது அதனால்தான். எஞ்சினுக்குள் ஒரு சில மில்லிசெக்கனில் எட்டு ஒன்பது மடங்கு நெருக்கும்போது சூடு நானூறு பாகை செல்சியசைத் தாண்டும். பிறகு பிளக் பொறி வைக்கிறது. பொறியிலிருந்து சுடர் புறப்பட்டு வட்டமாகப் பரவுகிறது. பரவப் பரவ, எரிந்த வாயு விரிந்து, இன்னும் எரியாமல் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் கலவையை மேலும் நெருக்குகிறது, மேலும் சுடுகிறது. சுடர் வந்து சேர்வதற்கு முன்பே அந்த ஓரத்துக் கலவை பொறுமையிழந்து மொத்தமாகத் தானே பற்றிக்கொண்டால், அதுதான் நொக்கிங். அமுக்க அலைகள் சிலிண்டர்ச் சுவர்களில் மோதித் திரும்பும். இந்த அளவுச் சிலிண்டரில் செக்கனுக்கு ஏழாயிரம் தடவைக்குக் கிட்ட. வெளியே கேட்பவருக்குத் தகர டின்னில் கச்சான் போட்டுக் குலுக்குவதுபோல இருக்கும்.

சத்தத்தால் எஞ்சின் உடைவதில்லை. சாதாரண எரிதலில் பிஸ்டன் தலையை ஒட்டி மெல்லிய குளிர்ந்த வாயுப்படலம் ஒன்று நின்று, உலோகத்தைச் சுடரிலிருந்து காக்கிறது. நொக்கிங் அலை அந்தப் படலத்தை வழித்தெறிகிறது. அலுமினியம் நேரடியாகச் சுடுபடுகிறது. சூட்டில் இளகிய உலோகத்தில் சுத்தியல் அடிபோல அமுக்கம் விழுகிறது. அந்த ஊசிக்குத்துக் குழிகள், உடைந்த றிங் மேடு, எல்லாம் அதன் கையெழுத்து. பாஸ் அதைப் படித்துவிட்டுத்தான் பெற்றோலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

எந்தப் பெற்றோல் எவ்வளவு நெருக்கலைத் தாங்கும் என்று முறையாக அளக்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஹரி ரிக்கார்டோ. முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், ஓடிக்கொண்டிருக்கும்போதே நெருக்கல் விகிதத்தை மாற்றக்கூடிய பரிசோதனை எஞ்சின் ஒன்றைக் கட்டினார். நொக்கிங் தொடங்கும்வரை விகிதத்தை ஏற்று, தொடங்கிய இடத்தைக் குறித்துக்கொள். இன்றைக்கும் ஒக்டேன் அளக்கும் ஆய்வுகூட எஞ்சின் இதே யோசனைதான்: ஒற்றைச் சிலிண்டர், நிமிடத்துக்கு 600 சுற்று, சிலிண்டரையே மேலும் கீழும் நகர்த்தி விகிதத்தை மாற்றுவார்கள். ஐசோ-ஒக்டேன் 95 பங்கும் ஹெப்டேன் 5 பங்கும் கலந்த கலவை எந்த அளவு தாங்குகிறதோ அதே அளவு தாங்கும் பெற்றோலுக்கு 95 என்று பெயர். ஆகவே பெற்றோல் செட்டில் பம்ப் முகத்தில் எழுதியிருக்கும் அந்த எண்ணே நெருக்கல் விகிதத்தின் வாயிலிருந்து வந்ததுதான். 95 என்றால் கூட வலு தரும் பெற்றோல் என்று பலர் நம்புகிறார்கள். அதிலுள்ள சக்தி 92இல் உள்ளதுதான். கூட நெருக்கினாலும் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவே.

டர்போவும் பிஸ்டனும் இந்தப் பொறுமையைத்தான் பங்குபோடுகின்றன. ஒரே சம்பளத்தில் வீட்டு வாடகையும் பிள்ளையின் டியூசன் காசும் போவதுபோல. வாடகை கூடின வீட்டுக்குப் போனால் மற்றதில் கைவைக்க வேண்டும். விகிதத்தை உயர்த்தினால் டர்போவின் அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். இரண்டையும் உயர்த்தினால் பொறி வைக்கும் நேரத்தைப் பின்தள்ள வேண்டும். பின்தள்ளினால் வலு குறையும், புகைச்சூடு ஏறி டர்போவும் வால்வும் வேகும். கூட்டிய மூன்று சதவீதத்தை அங்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இந்தக் கணக்கில் கொழும்பு வெயிலும் வந்து பங்கு கேட்கிறது. மருமகன் பார்க்கும் எண்களெல்லாம் குளிர்நாட்டு எண்கள். நான் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். டர்போ 0.7 பாருக்கு அமுக்குகிறது, அதன் திறன் எழுபது சதவீதம், இன்டர்கூலர் கூட்டிய சூட்டில் எழுபது சதவீதத்தை எடுத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானில் ஒரு குளிர்கால இரவு, 5 பாகை. டர்போவை விட்டு வெளியே வரும் வளி 70 பாகை, இன்டர்கூலர் தாண்டினால் 25 பாகை. பேஸ்லைன் வீதியில் ஒரு மத்தியானம், 33 பாகை. டர்போவை விட்டு 105, இன்டர்கூலர் தாண்டி 55. சிலிண்டர் வாசலில் வித்தியாசம் 30 பாகை. எட்டரை மடங்கு நெருக்கும்போது கெல்வினில் பார்த்த வெப்பநிலை இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டிப் பெருகும். எனவே அந்த 30 பாகை உச்சியில் 60 பாகைக்கு மேலாகிவிடும். இதோடு ஒப்பிடுங்கள்: இதே 55 பாகை வளிக்கு விகிதத்தை எட்டரையிலிருந்து பத்துக்கு உயர்த்தினால் உச்சியில் கூடும் சூடு சுமார் 40 பாகை. கொழும்பில் பிறந்த குற்றத்துக்காகவே எங்கள் எஞ்சின் ஒன்றரை எண்ணுக்கும் மேற்பட்ட அபராதத்தை ஏற்கெனவே கட்டிவிட்டது. (எங்கள் வளியில் ஈரப்பதன் அதிகம், நீராவி நொக்கிங்கைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் அதே நீராவி ஒட்சிசனின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். சிறு ஆறுதல்தான்.)

"அப்ப சிவிக்?" என்றான்.

அவன் கேட்பது ஹொண்டா சிவிக் 1.0 டர்போ. 988 சீசீ. ஆயிரத்துக்குக் கீழே நின்றதால் இங்கே வரியில் தப்பி, கொழும்பு வீதிகளில் நிறைய வந்த கார். அதன் விகிதம் பத்து, டர்போவும் உண்டு. நியாயமான கேள்வி. அதில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. அங்கே ஆவியாகும்போது கலவையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, ஈரத்துணி சுற்றிய மண்பானை மாதிரி. எப்போது வால்வு திறக்க வேண்டும், எப்போது பொறி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் கணினி ஒவ்வொரு சுற்றிலும் பார்த்துக்கொள்கிறது. நொக்கிங் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு டர்போவையே அடக்கும் வித்தையை ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1982லேயே காருக்குள் கொண்டுவந்துவிட்டது. எழுபதுகளில் ஆறரையில் இருந்த டர்போ கார் விகிதம் தொண்ணூறுகளில் எட்டரைக்கு வந்ததும், இன்று பத்தில் நிற்பதும் இப்படிப்பட்ட காவல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்ததால். பெற்றோலை வால்வுக்கு வெளியே தெளிக்கும் பழைய ஸ்டார்லட் அந்த எண்ணை மட்டும் கடன் வாங்க முடியாது.

1988இல் ஃபோர்மியுலா 1 பந்தயத்தில் பதினாறில் பதினைந்தை வென்ற மக்லேரன் காரின் ஹொண்டா டர்போ எஞ்சினுக்கும் 9.4 விகிதம் இருந்தது. அது குடித்தது நூற்றுக்கு 84 பங்கு தொலுயீன் கலந்த திரவம். அந்த எஞ்சினுக்கென்றே கலந்து கொடுக்க ஆள் இருந்தது. பொரளைச் செட்டில் அப்படி யாரும் இல்லை. இங்கே இரண்டு குழாய்: 92, 95. ஜப்பானிய நியமப்படி அங்கே பிறீமியம் பெற்றோல் குறைந்தது 96; விற்பது பெரும்பாலும் அதற்கும் மேலே, நூறுக்குக் கிட்ட. ரீகண்டிஷனாக வந்த பல டர்போ கார்களில் பெற்றோல் மூடிக்கு உட்புறம் ஜப்பானிய எழுத்தில் சின்னத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். பிறீமியம் மட்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை இங்கே யார் வாசித்தார்கள்?

2022இன் பெற்றோல் தட்டுப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தோம். ஜூலையில் கியூஆர் பாஸ் வந்து வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த நாட்களில் 95தான் வேண்டுமென்று அடம்பிடித்தவர் எவருமில்லை. குழாயில் வந்ததை வாங்கினோம். பாஸ் அந்த ஒரு வரியில் கேட்ட கேள்வி இதுதான் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. நெருக்கல் விகிதம் உலோகத்தில் வெட்டியது. பெற்றோல் கெட்ட நாளில் அதை மாற்ற எஞ்சினைத் திரும்பத் திறக்க வேண்டும். டர்போவின் அமுக்கத்தை ஒரு குமிழைத் திருகிக் குறைக்கலாம். எனவே பிஸ்டனைத் தெரிவு செய்யும்போது வாழ்க்கையில் அடிக்கப்போகும் ஆக மோசமான பெற்றோலை மனதில் வைக்க வேண்டும். நல்ல பெற்றோல் கிடைக்கும் நாளுக்கு டர்போ இருக்கிறது.

ஓடும்போதே விகிதத்தை மாற்றும் எஞ்சினும் உலகில் உண்டு. நிசான் 2018இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எட்டிலிருந்து பதினான்குவரை தானே மாறும். ரிக்கார்டோவின் பரிசோதனை மேசையிலிருந்து வீதிக்கு வர ஏறத்தாழ நூறு வருடம். பஞ்சிகாவத்தையில் அதன் பிஸ்டன் கிடைக்க இன்னும் காலம் எடுக்கும்.

பாஸ் வாதத்தை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கினார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஹெட்டைத் தலைகீழாக மேசையில் வைத்து, வால்வுகளை மூடி, பிளக்கைப் பூட்டினார். தகன அறையின் விளிம்பில் கிறீஸ் பூசி, நடுவில் துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை அழுத்தி ஒட்டினார். பிறகு அலுமாரியிலிருந்து எடுத்தது என் ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் உடைத்துத் தள்ளிய அதே பியூரெட். கியர் எண்ணெய் கலந்து சிவப்பாக்கிய திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கடைசிக் காற்றுக் குமிழியைத் துளைப் பக்கம் தள்ள ஹெட்டைக் கொஞ்சம் சரித்தார். குமிழி போனது. அளவை வாசிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அவருக்குக் கண்ணாடி கையில் இல்லை. பிஸ்டன் குழியையும் அதே மாதிரி அளந்தோம். கேஸ்கட்டின் தடிப்பை மைக்ரோமீற்றரில் பார்த்து, விட்டத்திலிருந்து கணித்த பரப்போடு பெருக்கிக் கூட்டினோம்.

மொத்தம் 42.7 சீசீ. தொழிற்சாலை விட்டது 46.2.

விகிதம் 8.2 என்று நம்பி ஓடிய எஞ்சின் உண்மையில் 8.8இல் ஓடியிருக்கிறது. யாரும் தெரிவு செய்யாத எட்டே முக்கால். ஹெட் சூடேறிக் கோணி, யாரோ எப்போதோ இரண்டு தரம் லேத்தில் போட்டு முகம் அறுத்திருக்கிறார்கள். கேஸ்கட்டும் மெல்லியது. இந்த விட்டத்தில் கேஸ்கட் தடிப்பு பத்தில் ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலே 0.43 சீசீ போய்விடும். மூன்று தவணையில் முக்கால் தேக்கரண்டி மாயம். பழைய விகிதத்தை நம்பி டர்போவை ஒரு பாருக்கு ஏற்றி, 92 அடித்து ஓடியிருக்கிறார் முந்தின சொந்தக்காரர். 8.8 தனியே கெட்ட எண் அல்ல. மிட்சுபிஷியின் லான்சர் எவலூஷன் பல வருடம் அதே எண்ணோடு ஓடியது. இங்கே மூன்றாம் பிஸ்டனைக் கொன்றது அந்த எண் யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான்.

"தடிச்ச கேஸ்கட் ஒண்டு போட்டா திரும்ப இறங்கிடும்தானே?" மருமகனின் அடுத்த யோசனை. காசு மிச்சம். பல கராஜ்களில் இதைத்தான் செய்வார்கள். நான் இதற்கு எதிர். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தட்டையான ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றர் அளவு இடுக்குத்தான் இருக்கும். அந்த இடுக்கில் அகப்பட்ட கலவை நடுவை நோக்கிப் பிதுங்கி ஓடிக் கலங்கும். சுடர் வேகமாகப் பரவும். ஓரத்தில் பொறுமையிழக்கக் கலவையே மிஞ்சாது. தடித்த கேஸ்கட் அந்த இடுக்கை இரண்டு மில்லிமீற்றராக்கினால் விகிதம் இறங்கும், ஆனால் கலங்கலும் போய்விடும். எண்ணைக் குறைத்தும் நொக்கிங் குறையாத எஞ்சின் கையில் மிஞ்சும். இடம் வேண்டுமென்றால் பிஸ்டனின் நடுக்குழியில்தான் எடுக்க வேண்டும், ஓரத்தில் அல்ல.

டீசல்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். கேடிஎச் வேனின் மூன்று லீற்றர் டர்போ டீசல் 17.9இல் ஓடுகிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. சூட்டில் தானே பற்றுவதுதான் அங்கே தொழில். நெருக்கும்போது உள்ளே வளி மட்டும் இருப்பதால் முந்திக்கொண்டு பற்ற எதுவுமில்லை. அது வேறு கதை.

சிலிண்டரில் கோடு விழுந்ததால் அரை மில்லிமீற்றர் ஓவர்சைசுக்கு ரீபோர் செய்தாக வேண்டும். 74.5 மில்லிமீற்றர் விட்டத்தில் வழித்தெடுக்கும் கனவளவு 337.4 சீசீ. எட்டரை வேண்டுமென்றால் உச்சியில் 45 சீசீ இடம் வேண்டும். இருப்பது 42.7. பழைய பிஸ்டனைவிட 2.3 சீசீ ஆழமான குழியுள்ள போர்ஜ்ட் பிஸ்டன். அரைத் தேக்கரண்டி. போர்ஜ்ட் பிஸ்டன் நொக்கிங்கை நிறுத்தாது. அடி வாங்கினால் வார்ப்புப் பிஸ்டன்போல் சட்டென்று உடையாது, பிழையைத் திருத்த ஒரு தவணை தரும். சூட்டில் கூட விரிவதால் சிலிண்டரோடு இடைவெளியும் கூட விட வேண்டும். காலையில் குளிரில் கொஞ்சம் தட்டும். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

ஏன் ஒன்பதல்ல? 95 நிச்சயமாகக் கிடைத்துக்கொண்டே இருக்குமென்றால் ஒன்பதுக்கு நான் கையெழுத்திட்டிருப்பேன். நெரிசலில் ஓட அது நல்லது. நிச்சயம் இல்லை. மருமகனுக்கு இன்னொரு ஆசையும் உண்டு: ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போய், 1934இலிருந்து நடந்துவரும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் ஒரு தரம் ஓட வேண்டும். 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டலமே ஐந்தில் நாலு பங்குதான், குளிரும் சேரும். அங்கே டர்போவை நன்றாக ஏற்றலாம், எட்டரை அதற்கு இடம் தரும். மேலே நன்றாக ஓடிய அதே அமைப்போடு கொழும்புக்கு இறங்கிவந்தால்தான் ஆபத்து. மலையில் மன்னித்ததை மாளிகாவத்தை மன்னிக்காது.

டர்போவுக்கு, மிகைப் புகையை விலக்கிவிடும் வேஸ்ட்கேட்டில், 0.4 பார் ஸ்பிரிங். அதற்குக் கீழே டர்போவை இறக்க முடியாது என்பதால் ஸ்பிரிங் மெலிதாகத்தான் இருக்க வேண்டும். 95 அடித்த நாளில் கட்டுப்படுத்தியால் 0.7வரை, 92 அடித்த நாளில் ஸ்பிரிங்கோடு நிறுத்து. இதைத்தான் முடிவு செய்தோம். மருமகனுக்கு முழுத் திருப்தி இல்லை. ஒரு பாருக்கு ஏற்றிய நண்பன் ஒருவனின் பெயரைச் சொன்னான். பாஸ் மூன்றாம் பிஸ்டனைத் துணியில் சுற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

உங்கள் காரின் ஹெட் எப்போதாவது லேத்துக்குப் போயிருந்தால், புத்தகத்திலுள்ள எண் இனி உங்கள் எஞ்சினின் எண் அல்ல. அடுத்த முறை திறக்கும்போது, மூடுவதற்கு முன் அளந்து தரச் சொல்லுங்கள். அரை மணித்தியால வேலை. அளந்த எண்ணை, அடிக்க வேண்டிய பெற்றோலையும் சேர்த்து எழுதி, பெற்றோல் மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். உங்களிடமிருந்து காரை வாங்கப்போகிறவருக்கும் வாசிக்கத் தெரிந்த மொழியில்.